உன் போனில் என் பெயர்

ஜூன் 3

மகளின் தாயாருக்கு,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன். நீ பெட்டியோடு வெளியேறியபோது நான் ஒன்றும் கேட்கவில்லை. உன் அக்கா என்னைப் பற்றி உறவுக்காரர்களிடமெல்லாம் பேசியபோதும் கேட்கவில்லை. மகளுக்கு வாங்கும் முதல் போன் விஷயத்திலும் நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன் என்று நினைத்தால் அது நடக்காது.

ஞாயிற்றுக்கிழமை வாலு இங்கே வந்திருந்தாள். விடுதிக்குப் போகுமுன் போன் வேண்டுமாம். "அம்மா ஐபோன் வாங்கித் தரேன்னு சொல்லுது" என்றாள். "அப்ப நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன். "ஆரம்பிச்சுட்டியாப்பா! நீங்க ரெண்டு பேரும் போன்ல பேசினா அஞ்சு நிமிஷத்துல கத்துறீங்க. எழுதுங்க. எழுதி ஒரு முடிவுக்கு வாங்க. அதுவரைக்கும் எனக்கு ஒண்ணும் வேணாம்" என்று சொல்லிவிட்டு, என் பிஸ்கட் டப்பாவைக் காலி செய்துவிட்டுப் போனாள். மின்னஞ்சல் அனுப்பினால் உடனே பதில் வரும் என்று எதிர்பார்க்கத் தோன்றும். உன்னிடம் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன். அதனால்தான் தாள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆண்ட்ராய்டு போன் வாங்குகிறவன் தன் போனைத் தானே அமைத்துக்கொள்ளலாம். முகப்புத் திரையையே கழற்றி வேறொன்றை மாட்டலாம். செயலிப் படங்களின் உருவம், எழுத்தின் அளவு, எந்தப் பக்கம் விரலை இழுத்தால் எது திறக்க வேண்டும் என்பது, எல்லாம் அவன் விருப்பம். ஐபோனில் அந்த நிறுவனம் வகுத்த வழியில்தான் நடக்க வேண்டும். வாடகை வீட்டில் ஆணி அடிக்கப் பயப்படுவது போன்ற வாழ்க்கை அது. மாணவர்களுக்கு இருபது ஆண்டுகளாகப் பொறியியல் நடத்துகிறவன் சொல்கிறேன், என் மகள் ஆணி அடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. ஐபோன் வைத்திருப்பவர்களுக்குள் 'குடும்பம்' என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. உன் போனும் அவள் போனும் அதில் ஒன்றாகிவிடும். என் போன் உள்ளே நுழையாது. இது தெரிந்துதான் அவளிடம் சொன்னாயா என்பதை மட்டும் எழுது.

இப்படிக்கு,
சட்டப்படி இன்னும் உன் கணவன்


ஜூன் 9

வாலுவின் அப்பாவுக்கு,

நலமா? கடிதம் கிடைத்தது. நான்கு பக்கத் தாளில் ஒரு பக்கம்கூட வீணாகவில்லை. ஒரே வீட்டில் இருந்தபோது எனக்கு நாலு வார்த்தை கிடைத்ததில்லை.

'குடும்பம்' என்ற ஏற்பாடு பற்றி எனக்குத் தெரியாது. நீங்கள் எழுதிய பிறகுதான் தேடிப் பார்த்தேன். அது அங்கே இருக்கிறது. நான் அதைத் தொடவில்லை.

தினசரிக்கு எது நல்லது என்று கேட்டால் என் அனுபவத்தைச் சொல்கிறேன். பரிசோதனைக்கூடத்தில் நாள் முழுக்கக் கையுறை. பழைய போனில் கையுறையோடு விரலை வைத்தால் நீ யார் என்று கேட்கும். இந்த ஐபோனில் முகத்தைக் காட்டினால் போதும். ஆண்ட்ராய்டிலும் அப்படி உண்டு என்று எழுதப்போகிறீர்கள். இருக்கட்டும். என் போனில் இருந்ததில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பழைய போன் ஞாபகம் இருக்கிறதா? என் பிறந்தநாளுக்குத் தந்தீர்கள். என் கைக்கு வருமுன்பே உறையைப் பிரித்து எல்லாம் செய்து முடித்திருந்தீர்கள். கறுப்புத் திரை. ஒரு செயலிக்கும் பெயர் கிடையாது, எல்லாம் மெல்லிய வெள்ளைக் கோடுகள். எது கேமரா, எது டார்ச் என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. ஒருநாள் கண்ணாடித் தகடு ஒன்றைப் படம் எடுக்கப் போய் எங்கள் கூடத்து டாக்டரின் கண்ணில் வெளிச்சம் அடித்தேன். "என்னம்மா, என்னையும் டெஸ்ட் பண்றியா?" என்றார். வீட்டுக்கு வந்து உங்களிடம் சொன்னால், "இடமிருந்து வலமா இழு, அப்புறம் ரெண்டு தட்டு தட்டுன்னு எத்தனை தடவை சொல்றது?" என்றீர்கள். அது என் போனா, உங்கள் ஆராய்ச்சிக் கட்டுரையா?

புதுப் போன் வாங்கப் போனபோது கடைக்காரப் பெண், "இதுல ரொம்ப எதையும் மாத்த முடியாதுக்கா" என்றாள். "அப்படியா, அதையே குடும்மா" என்றேன்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுங்கள். பிஸ்கட் டப்பாவைப் பற்றி வாலு சொன்னாள்.

இப்படிக்கு,
பரிசோதனைக்கூடத்துக்காரி


ஜூன் 14

பரிசோதனைக்கூடத்துக்காரிக்கு,

கடைக்காரப் பெண் சொன்னது தவறு. இப்போது ஐபோனிலும் முகப்புத் திரையில் செயலிப் படங்களை வேண்டிய இடத்துக்கு நகர்த்தலாம், நிறம் மாற்றலாம். பாதி விவரம் தெரிந்தவர்கள் கடை வைத்தால் இப்படித்தான். நீயும் சரிபார்க்காமல் வாங்கியிருக்கிறாய்.

கையுறையைப் பற்றி என்னிடம் நீ சொன்னதே இல்லை. சொல்லியிருந்தால் அதற்கும் வழி செய்திருப்பேன். அந்தப் போனில் நான் செய்த எதுவுமே உனக்கு உதவவில்லை என்பது போல எழுதியிருக்கிறாய். உன் பேருந்து எப்போது வரும் என்று திரையின் மேல் மூலையில் காட்ட வைத்தது யார்? வேலை முடிந்து சோர்ந்து வருகிறாயே, யாரும் தொந்தரவு செய்யக்கூடாது என்று சாயங்காலமானால் போன் தானாக மௌனமாகும்படி செய்தது யார்? கடையில் அதைச் செய்துதர மாட்டார்கள். வீட்டில் ஒருவன் உட்கார்ந்து செய்தான். அவனுக்குக் கிடைத்தது டார்ச் கதை.

உன் அக்கா பற்றியும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் அது உள்ளேயே கிடக்கும். நாம் வீடு மாறிய மழைக்காலத்தில் அவள் வருவதாக இருந்தது. ஊர் வரைக்கும் வந்துவிட்டு வீட்டுக்கு வராமல் திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு என் வாசலை மிதிக்கவில்லை. நான் செய்த குற்றம் என்னவென்று இதுவரை ஒருவரும் சொல்லவில்லை. அவள் மட்டும் எல்லாரிடமும் 'அந்த மனுஷன்' என்று பேசுகிறாளாம். இதை நான் மறக்கப்போவதில்லை.

பழைய போனில் என் எண்ணை 'வீட்டுத் தலைவர்' என்று பதிந்து கொடுத்திருந்தேன். எண்களைப் புதுப் போனுக்கு மாற்றும்போது அது சரியாக வந்ததா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். தொழில்நுட்ப ஆர்வம்தான்.

இப்படிக்கு,
மேற்படியான்


ஜூன் 20

வாலுவின் அப்பாவுக்கு,

அக்கா விஷயத்தை நீங்களே எடுத்ததால் எழுதுகிறேன். எடுத்திருக்காவிட்டால் எழுதியிருக்க மாட்டேன்.

அன்று சாயங்காலம் அவள் ரயில் நிலையத்தில் நனைந்த பெட்டியோடு நின்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். புது வீட்டு விலாசம் அவளிடம் இல்லை. உங்கள் எண்ணும் இல்லை. நான் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன், போன் என் பக்கத்திலேயே கிடந்தது. அடிக்கவில்லை. அடுத்த வண்டியில் அவள் திரும்பிவிட்டாள். மறுநாள் அழைப்புகளைப் பார்த்துவிட்டு நான் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. என் புருஷனுக்குப் பிடிக்காது என்பதால் நான் வேண்டுமென்றே எடுக்காமல் இருந்தேன் என்று முடிவு கட்டிவிட்டாள்.

போன் ஏன் அடிக்கவில்லை என்று உங்களைத்தான் கேட்டேன். செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் "டவர் இருந்திருக்காது" என்றீர்கள். நானும் நம்பினேன்.

அப்புறம் ஒருநாள் வேலை முடிந்து இருட்டிய பிறகு புதுப் போன் வாங்கப் போனபோது, கடைக்காரப் பெண் சோதித்துப் பார்க்கத் தன் போனிலிருந்து என் பழைய போனைக் கூப்பிட்டாள். அடிக்கவில்லை. உள்ளே போய்த் தேடிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "என்னக்கா நீங்க இவ்ளோ ஸ்ட்ரிக்ட்டு? ஆறு மணிக்கு மேல மூணு பேருதான் உங்களக் கூப்பிட முடியுமாம்!" அந்த மூன்று பேர் யார் என்று நானும் எட்டிப் பார்த்தேன். வீட்டுத் தலைவர், வாலு, எங்கள் கூடத்து டாக்டர். எனக்கு வேண்டியவர்கள் யார் யார் என்று என்னைக் கேட்காமலே ஒருவர் முடிவு செய்திருக்கிறார்.

அந்த வாரம்தான் நான் பெட்டி கட்டினேன். குற்றம் என்னவென்று யாரும் சொல்லவில்லை என்றீர்கள். சொல்லிவிட்டேன். டவர் என்று தெரிந்து சொன்னீர்களா, தெரியாமல் சொன்னீர்களா என்று நான் கேட்கப்போவதில்லை.

வாலுவுக்கு நீங்களே வாங்கிக் கொடுங்கள். ஆண்ட்ராய்டோ ஐபோனோ, அவள் எதைக் காட்டுகிறாளோ அது. எனக்கு ஒன்றுதான் வேண்டும். உறையைப் பிரிக்காமல் அவள் கையில் கொடுங்கள். அதை உங்களால் செய்ய முடிகிறதா என்று பார்த்துவிட்டு மற்றதைப் பேசுவோம்.

எண்கள் எல்லாம் ஒழுங்காக வந்து சேர்ந்தன. ஒரே ஒரு பெயரை மட்டும் நான் அழித்துவிட்டு வேறு எழுதினேன். என்னவென்று சொல்ல மாட்டேன். அது என் போன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாலுவின் அம்மா


ஜூன் 29

வாலுவின் அம்மாவுக்கு,

நேற்று அவளைக் கடைக்கு அழைத்துப்போனேன். இரண்டையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. "என்னப்பா, உடம்பு சரியில்லையா?" என்றாள். பிறகு ஐபோனைக் காட்டினாள். வாங்கினேன். உன் 'குடும்ப'த்தில் அவளைச் சேர்த்துக்கொள்.

வீட்டுக்கு வந்து உறை பிரியாத பெட்டியை மேசையில் வைத்தேன். அவள் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீ பண்ணலையா?" என்றாள். "உன்னோடது" என்றேன். கை சும்மா இருக்கவில்லை, அதனால் சமையலறைக்குப் போய்க் கழுவிவைத்த பாத்திரங்களையே மறுபடி கழுவினேன். திரும்பி வந்தபோது, மாற்ற முடியாது என்று உன்னிடம் விற்ற அதே வகைப் போனில் அவள் எல்லாவற்றையும் மாற்றியிருந்தாள். படங்கள் அத்தனையும் கத்தரிக்காய் நிறம். திரையின் பின்னணியில் அவள் தோழி நாக்கை நீட்டிக்கொண்டிருக்கிறாள். நான் பார்த்த முகப்புத் திரைகளில் இதைவிட அலங்கோலமான ஒன்று இல்லை. கேமரா எங்கே என்று கேட்டேன். பார்க்காமலே தொட்டுத் திறந்தாள்.

"உன்னை என்னன்னு போடட்டும்?" என்று கேட்டாள். உன் இஷ்டம் என்றேன். ஏதோ எழுதினாள். எட்டிப் பார்த்தேன், திரையை நெஞ்சோடு சாய்த்துக்கொண்டு சிரித்தாள். உன் சிரிப்பு.

டவர் விஷயத்தில் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. உன் அக்காவுக்கு ஒரு தபால் அட்டை போட்டிருக்கிறேன். அதில் இந்த வீட்டு விலாசமும் ரயில் நிலையத்திலிருந்து வரும் வழியும் என் எண்ணும் மட்டும் இருக்கின்றன. 'அந்த மனுஷன்' என்று அவள் பேசியதை மறந்துவிட்டேன் என்று அதற்கு அர்த்தமில்லை.

ஆண்ட்ராய்டுதான் சிறந்தது என்ற என் கருத்தில் மாற்றமில்லை.

இந்த இடத்தில் வழக்கம்போல ஏதாவது போட்டு முடிக்க வேண்டும். 'சட்டப்படி' என்று தொடங்கி அடித்துவிட்டேன், அடித்த கோடு உனக்கே தெரியும். 'மேற்படியான்' என்பதும் இப்போது பார்க்க நன்றாக இல்லை. உன் போனில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது, நேற்றிலிருந்து அவள் போனிலும் ஒன்று. இரண்டும் எனக்குத் தெரியாது. தெரிந்த பெயர்களைப் போட மனம் வரவில்லை. கீழே இடம் விட்டிருக்கிறேன். இப்படியே, கையெழுத்து இல்லாமல், தபாலில் சேர்க்கப் போகிறேன்.