உன் படையலில் என் நண்டுக்கறி

என் செல்லத் தம்பி ரமணனுக்கு,

செத்துப்போன தம்பிமேல் இன்னும் வயிறெரிகிற அக்கா உலகத்தில் நான் ஒருத்திதான் இருப்பேன். கோபிக்காதே. போன மாதம் மாரடைப்பு உன்னைக் கொண்டுபோனபோது, மெல்பேர்ன் செத்தவீட்டுக்கு ரசிகர்கள் உன் விளையாட்டுக் கழகக் கொடியோடு வந்தார்களாம், உன் மனைவி சொன்னாள். இங்கே ஒஸ்லோவில், ஹவுகெட்டோ ஸ்டேஷனில் கண்ட சனமும் "ரமணன்ரை அக்கா" என்றுதான் என் கையைப் பிடித்து அழுதது. என் பெயர் அவர்களுக்குத் தெரியுமா?

ஊரில் சண்டை நடந்த காலத்தில், ஒருவரைத்தான் வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்று அப்பா சொன்னபோது உனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூட வலைப்பந்து அணிக்கு நான் தலைவி. நீ பந்தைக் கண்டால் ஒதுங்குகிற நெட்டைப் பெடியன். ஆனால் நீதான் போனாய். மெல்பேர்னில் சித்தப்பா வீட்டில் வளர்ந்து, அவுஸ்திரேலியர்களின் அந்த முட்டை வடிவப் பந்தைப் பாய்ந்து பிடிக்கப் பழகி, சம்பளத்துக்கு விளையாடுகிற ஆளாகிவிட்டாய்.

உன் குழப்படிகள்கூட உனக்குப் புகழைத்தான் தந்தன. எதிரணிக்காரனின் தாடையில் குத்தி ஆட்டத்தடை வாங்கினாய். வளர்த்த கழகத்தை விட்டுப் பரம எதிரிகளிடம் போனாய். பத்திரிகைகள் துரோகி என்று எழுதின. உன் நிறத்தைச் சொல்லிக் கத்தியவனைப் பிடிக்க வேலி பாய்ந்தாய். அதற்கு மட்டும் நான் கைதட்டினேன். "எங்கடை பேரைக் கெடுத்துப்போட்டான்" என்று அன்றைக்கு இங்கே கதைத்தவர்கள்தான் இப்போது உனக்கு அஞ்சலிக் கூட்டம் வைக்கிறார்கள். அம்மா ஒருநாளும் உன்னைக் குறை சொன்னதில்லை. நான் வேலையால் கொஞ்சம் பிந்தி வந்தால் முகத்தைத் தூக்கி வைத்திருப்பார்.

பிறகு நானாக ஒஸ்லோ வந்து சேர்ந்து, ஊரில் சமாதானப் பேச்சு நடந்த காலத்தில் அம்மாவை இங்கே கூப்பிட்டது நான். மருந்து கொடுப்பது, முழுக வார்ப்பது எல்லாம் நான். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அவர் போட்டுக் காட்டுவதோ உன் ஆட்ட வீடியோ. விதிமுறை ஒன்றும் தெரியாது. நீ விழுந்தால் மட்டும் "ஐயோ" என்பார்.

அம்மாவால் அவ்வளவு தூரம் பறக்க முடியாது. அதனால் உன் எட்டுச் செலவை இங்கேயே செய்தோம். இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைக்கிற நாள். என்னை அடுப்படிக்குள் விடாமல் அம்மாவே சமைத்தார். உன் படத்துக்கு முன்னால் இலை போட்டு நண்டுக்கறி, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, பால்புட்டு என்று பரிமாறினார். மூன்றும் என் விருப்பச் சாப்பாடு! நண்டோட்டை உடைக்க அலுப்புப்பட்டு எழும்பி ஓடுகிறவன் நீ. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அம்மா, இது என்ரை சாப்பாடெல்லோ? அதையும் அவனுக்கே குடுக்கிறியளா?"

அம்மா அகப்பையை வைத்துவிட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

"ஓம் பிள்ளை. அவனுக்கு என்ன விருப்பம் எண்டு யோசிச்சு யோசிச்சுப் பாத்தன். ஒண்டும் நினைவு வரேல்லை. சின்னனிலை போனவன். உனக்குப் பிடிச்சதுதான் எனக்குத் தெரியும்."

உனக்காக நான் அழுதது அன்றைக்குத்தான்.

அங்கே உனக்குப் பிடித்ததை யார் சமைத்துப் போட்டது, தம்பி? ஆட்டத்தடை வந்த நாட்களில் யாரிடம் சாப்பாடு கேட்டாய்?

பொறாமை போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். உனக்கு என்ன பிடிக்கும் என்று உன் மனைவியிடம் கேட்டு அம்மாவுக்குச் சொல்லிக்கொடுப்பேன். உன் பிறந்தநாளுக்கு அவர் அதைச் சமைப்பார். நான் பக்கத்தில் இருந்து வெங்காயம் உரிப்பேன்.

அம்மாவின் கைச்சாப்பாட்டை உன் பங்கும் சேர்த்துச் சாப்பிட்டு வளர்ந்த
உன் அக்கா