மெஸ்வேஜ்: வீடு மட்டுமல்ல

மார்ச் 4
தையல்கார அக்கா வந்தார். அவருடைய அப்பா எழுதிவைத்த ஆங்கிலப் பத்திரத்தைப் போன வருடம் தமிழில் பெயர்த்தது நான்தான். வீடு அக்காவுக்கு, மற்ற நிலம் தம்பிக்கு. வீட்டின் பின்னாலிருக்கும் தையல் கொட்டகையும் தன் நிலத்தில்தான் சேரும், காலி செய் என்று கோர்ட்டுக்கே போயிருக்கிறாராம் தம்பி. ஆதாரம், என் மொழிபெயர்ப்பு.

"அப்பா அந்தக் கொட்டகையக் கட்டினதே எனக்காகத்தான். எழுதாம விட்டிருப்பாரா சார்?"

இருந்ததைத்தான் பெயர்த்தேன் என்று விறைப்பாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். இருபத்திரண்டு வருட அனுபவம் என்ற திமிர்.

மார்ச் 9
மறுபடி வந்தார். நாலு நாளாக நூலகத்தில் பெரிய அகராதியோடு மல்லுக்கட்டியிருக்கிறார். படிப்பு எட்டாவதுதான். பத்திரத்தின் ஒவ்வொரு சொல்லையும் எழுத்துக்கூட்டித் தேடி, துணி அளவு குறிக்கும் நோட்டில் எழுதியிருக்கிறார். ஒரு சொல்லின் கீழ் மட்டும் இரண்டு கோடு: மெஸ்வேஜ்.

நான் 'வீடு' என்று ஓட்டிவிட்ட சொல்! இன்று பேச்சில் யாரும் புழங்காதது. பத்திரம் எழுதிய வக்கீல் ஏதோ பழைய படிவத்தைப் பார்த்து எழுதியிருப்பார். அக்கா போனபிறகு நானும் தேடினேன். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது, குடித்தனத்தைக் குறிக்கும் சொல்லுக்கு உறவு. வேர் இலத்தீனில், 'தங்குதல்'. வீடு, அதைச் சேர்ந்த கொட்டகை, ஒட்டிய மனை எல்லாம் அதில் அடக்கம். என்ன அழகான சொல்.

வெட்கமாக இருக்கிறது. அந்த அக்காவைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

மார்ச் 10
காலையிலிருந்து வேலை ஓடவில்லை. தப்புன்னு ஒத்துக்கிட்டா அப்புறம் எவன் என்கிட்ட பத்திரம் கொண்டுவருவான்? மனைவியிடம் புலம்பினேன்.

"கொட்டகை போனா அந்தக்கா எங்க உக்காந்து தைப்பாங்க?" என்று கேட்டுவிட்டுத் துணி உலர்த்தப் போய்விட்டாள்.

மார்ச் 17
கோர்ட்டில் என் பிழையை ஒப்புக்கொண்டு, திருத்திய மொழிபெயர்ப்பில் கையெழுத்திட்டேன். இன்னும் எத்தனை பத்திரத்தில் இப்படி என்று தம்பியின் வக்கீல் கேட்டார். தெரியாது என்றேன். வேறென்ன சொல்ல?

ஏப்ரல் 30
தீர்ப்பு வந்தது. கொட்டகை அக்காவுக்கே. எனக்குத்தான் ஆறு வாரமாக ஒரு பத்திரமும் வரவில்லை.

மே 8
ஒரு பெரியவர் பத்திரக்கட்டோடு வந்து நின்றார். யார் அனுப்பியது என்று கேட்டேன். தையல்காரம்மாவாம்.

"தப்பு பண்ணா தப்புன்னு சொல்ற மனுஷன், அவருகிட்டயே குடுங்கன்னாங்க."

உட்காரச் சொன்னேன். முதல் வேலையாக அகராதியை எடுத்து மேசைமேல் வைத்தேன்.