உங்கள் படத்துக்கு முன்னால் இருந்த டின்

என் அன்பான மெர்சி அப்பாவுக்கு, நிம்மதியாகத் தூங்குகிற உங்களை எழுப்ப வேண்டியதாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. மடியில் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, மெர்சியின் ஸ்கேன் ஃபைலில் இருந்த வெள்ளைத் தாளில் எழுதுகிறேன். நம் பிள்ளை உள்ளே படுத்திருக்கிறாள். வயிற்றில் ஏழு மாதம். நேற்று மத்தியானம் அவளுக்கு உங்கள் டின் மீனில் சொதி வைத்துக் கொடுத்தேன். அந்த மீனில் விஷம் ஏறியிருக்குமோ என்று டாக்டர் சந்தேகப்படுகிறார்.

எந்த டின் என்று உங்களுக்கே தெரியும். தோணியில் சமையல் பண்டாரியாக மாலத்தீவுக்குப் போன கடைசி நடையில் இரண்டு சூரை மீன் டின் கொண்டுவந்தீர்கள். திறப்பதற்குள் உங்களுக்கு நெஞ்சு வலி வந்துவிட்டது. அதற்குப் பிறகு எனக்கு அதைத் திறக்க மனம் வரவில்லை. உங்கள் படத்துக்கு முன்னால், மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் இரண்டையும் வைத்தேன். எல்லாரும் பூ வைப்பார்கள், மெழுகுதிரி ஏற்றுவார்கள். புருஷன் படத்துக்கு முன்னால் டின் வைத்தவள் இந்தத் தூத்துக்குடியிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நான் ஏற்றிய மெழுகுதிரியும் டின்னை ஒட்டியே மூன்று வருஷமாக எரிந்தது.

உங்களை எத்தனை கேலி செய்திருப்போம்! கரையில் துள்ளத் துள்ள மீன் ஏலம் போகும்போது நீங்கள் வீட்டில் டின்னைத் திறந்துகொண்டிருப்பீர்கள். பக்கத்து வீட்டுக் கத்தரீன் அக்கா வாசலில் நின்று, "கடக்கரைக்காரன் டப்பா மீனு திங்கான், காலக் கொடும!" என்பாள். "இதுல முள்ளும் கெடையாது, ஒங்கள மாரி வாயும் கெடையாதுக்கா" என்று நீங்கள் திருப்பிக் கொடுப்பீர்கள். நானும் முதலில் முகத்தைச் சுளித்தேன். பிறகு நீங்கள் தூங்கும்போது மிச்சத்தை ரொட்டியில் தடவித் தின்று பிடிபட்டேனே, நினைவிருக்கிறதா?

உங்கள் சொதிக்கு ஒரு சட்டம் உண்டு. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை வதங்கித் தேங்காய்ப்பால் சூடானதும் மீனைப் போட வேண்டும். போட்டதும் என் தோளுக்குப் பின்னால் வந்து நிற்பீர்கள். "கொதிக்க விட்டுறாதளா. அது வெந்துதான் வந்திருக்கு. சூடு காட்டி எறக்கு, இல்லன்னா சக்கையாப் போவும்." எலுமிச்சம்பழம் பிழிவதும் நீங்கள்தான். குசினிக்குள் வேறு எதிலும் மூக்கை நுழைக்காத மனிதர், இதில் மட்டும் ஒரு அதிகாரம்.

மெர்சி பிரசவத்துக்கு நம் வீட்டுக்கு வந்ததிலிருந்து மீன் வாடையே அவளுக்கு ஆகவில்லை. வாளை வாங்கினாலும் குமட்டல், சாளை வாங்கினாலும் குமட்டல். திடீரென்று முந்தாநாள், "எம்மா, அப்பாவுக்கு வைப்பியே, அந்த டின் மீன் சொதி தின்னணும் போல இருக்கு" என்றாள். கடையில் புது டின் கிடைக்காமலா இருக்கிறது? "கடைல ஒண்ணு வாங்கிக்கிடலாம்மா" என்று அவளே சொன்னாள். நான்தான் கேட்கவில்லை. மறுநாள் உங்கள் மூன்றாம் வருஷ நினைவு நாள். நீங்கள் கையால் கொண்டுவந்த மீன் உங்கள் பேரப்பிள்ளைக்குப் போய்ச் சேரட்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த ஆசைதான் இப்போது என்னைக் கொல்கிறது.

படத்தின் முன்னால் இருந்த இரண்டில் ஒன்றை எடுத்தேன். மூடி லேசாக எழும்பியிருந்தது. அது எனக்குப் புதிதில்லை, சனிக்கிழமைதோறும் தூசி துடைக்கும்போது பார்த்ததுதான். "உங்க டின்னுக்கும் உங்கள மாதிரியே தொந்தி போட்டிருக்கு" என்று உங்கள் படத்தைப் பார்த்துச் சிரித்தவள் நான். நேற்று குத்தித் திறந்ததும் புஸ்ஸென்று காற்று வந்து எண்ணெய் முகத்தில் தெறித்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

முகர்ந்து பார்த்தேன். கடற்கரையில் பிறந்தவளுக்கு வேறென்ன தெரியும்? கூடையைத் திறக்கும் முன்னே எது நேற்றுப் பிடித்தது, எது ஐஸில் கிடந்தது என்று சொல்கிற மூக்கு இது. ஒரு கெட்ட வாடையும் இல்லை. செவுளைத் தூக்கிப் பார்க்கலாம், கண்ணைப் பார்க்கலாம் என்றால் டின் மீனுக்கு ரெண்டும் கிடையாது. மூக்கை நம்பினேன். நீங்கள் சொன்னபடியே சூடு காட்டி இறக்கினேன்.

நான் ஒரு சொட்டு நாக்கில் வைத்திருந்தாலாவது தெரிந்திருக்குமோ என்னவோ. காலைப் பூசை முடிந்து உங்களுக்காக ஒருசந்தி இருந்தேன், சாயங்காலம்வரை தண்ணீர் மட்டும்தான். உப்புக்கூட அவள்தான் பார்த்தாள். இடியாப்பத்தில் ஊற்றி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டு, "அப்பா பக்குவம் அப்படியே இருக்கும்மா" என்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என்ன பாவி நான்!

சாயங்காலம் உங்களுக்குச் செபமாலை சொல்லக் கத்தரீன் அக்கா வந்தாள். அவள் இப்போது மீன் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள், அங்கே பெட்டி அடுக்குகிறாள். மெழுகுதிரி வைக்கலாமென்று நான் கழுவிக் கவிழ்த்திருந்த டின்னையும், பக்கத்தில் கிடந்த மூடியையும் எடுத்துப் பார்த்தாள். முகம் மாறிப்போனது.

"ஏளா ஞானம், இது உப்புன டின்னுல்லா? எங்க கம்பெனில இப்படி ஒண்ணு வந்துட்டா தனியா ஒதுக்கிருவாவ. ஒருத்தரும் தொடக் கூடாது. ஆரு தின்னா இத?"

"ஆரும் திங்கலக்கா, கொட்டிட்டேன்" என்றேன். செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு பொய் சொன்னேன். பிள்ளைத்தாச்சியிடம் போய் விஷமென்று சொன்னால் அந்தப் பயத்திலேயே ஏதாவது ஆகிவிடுமே. ஒன்றும் ஆகாவிட்டால் வீணாக எதற்கு என்றும் இருந்தது. எனக்கு நானே சொல்லிக்கொண்டது அது. நிஜத்தில், அவள் என்னை ஒரு பார்வை பார்ப்பாளே, அதற்குத்தான் பயந்தேன். படுக்கும்வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னம்மா, புதுசாப் பாக்குத மாதிரி பாக்க?" என்று சிரித்தாள்.

காலையில் எழுந்ததும் கண்ணைக் கசக்கினாள். "எம்மா, கண்ணு ஒரு மாதிரி மங்கலா இருக்கு." அவள் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நேத்தே ஏம்மா சொல்லல?"

ஆட்டோ வந்து சேரும்வரை நான் அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை. துறைமுகத்துக்குப் போகிற லாரி வரிசையில் ஆட்டோ மாட்டிக்கொண்டபோதுதான், அவளே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா சின்ன வயசுதான். என்ன சாப்பிட்டாள், எப்போது சாப்பிட்டாள் என்று கேட்டு எழுதினாள். அப்புறம் கேட்டாள்: "நல்லாக் கொதிக்க வச்சீங்களாம்மா?" சூடு காட்டி இறக்கினேன் என்றேன். உப்பின டின்னைத் தூக்கித்தான் எறிய வேண்டும், கொதிக்க வைத்துத் தின்னலாம் என்றும் இல்லையாம். ஆனால் நன்றாகக் கொதித்திருந்தால் அந்த விஷத்தின் வீரியம் அடங்க வாய்ப்பு உண்டாம். வாடையே இல்லாமலும் இருக்குமாம் அது. மெர்சி அப்பா, எனக்கு உங்கள் மேல் கோபமாக வருகிறது. செத்த மனிதன் பேச்சுக்கு இவ்வளவு கட்டுப்பட்டேனே என்று என் மேலும் வருகிறது.

இப்போது மணி நாலு. மணிக்கு ஒரு தடவை நர்ஸ் வந்து அவளை மேலே பார்க்கச் சொல்கிறாள், சிரிக்கச் சொல்கிறாள், ஒரு வாய் தண்ணீர் விழுங்கச் சொல்கிறாள். இமை தொங்குகிறதா, தொண்டை அடைக்கிறதா என்று பார்க்கிறார்களாம். விஷத்தை முறிக்கிற மருந்துக்கு வெளியூருக்குச் சொல்லியிருக்கிறார்கள். மங்கல் வேறு காரணத்தாலும் இருக்கலாம், இன்னும் இரண்டு நாள் போனால்தான் சொல்ல முடியும் என்கிறார்கள். பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பைக் கருவியில் கேட்கவைத்தார்கள். குதிரை ஓடுகிற மாதிரி இருந்தது. அதைக் கேட்ட பிறகு பயம் குறையவில்லை, கூடியது.

காலிப் பாத்திரம், டின் எல்லாவற்றையும் நான் நேற்றே கழுவிவிட்டதால் சோதிக்க ஒன்றும் மிஞ்சவில்லை. இன்னொரு டின்னைக் கொண்டுவரச் சொன்னார்கள். கத்தரீன் அக்காதான் போய் எடுத்து, பையில் சுற்றி, கையை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டு வந்தாள். என் பொய்க்காக அவள் திட்டவில்லை. "செத்தவன் பொருள செத்தவனோட விட்டுரணும்ளா. இல்லன்னா கூப்பிட்டுருவான்" என்று மட்டும் சொன்னாள். ஊரில் சொல்கிற பேச்சுதான். பூசைக்குப் போகிறவள் இதையெல்லாம் நம்பக் கூடாது. ஆனாலும் கேட்கிறேன், நீங்கள் அவளைக் கூப்பிடவில்லைதானே?

உங்களுக்கு அவள் மேல் உயிர். அதுதான் எனக்குப் பயம். தோணி ஏறும்போதெல்லாம் அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு இறக்க மாட்டேன் என்று அடம்பிடிப்பீர்கள். இப்போது இறக்கி விடுங்கள். துணை வேண்டுமானால் என் நேரம் வரும்போது நான் வருகிறேன். அவளை விடுங்கள், உள்ளே இருக்கிற உயிரையும் விடுங்கள்.

இதை நம் கோயில் பங்கு இதழுக்குக் கொடுக்கப் போகிறேன். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். எத்தனை வீட்டில், கப்பலுக்குப் போனவர் கொண்டுவந்ததென்று டின்னைப் பூட்டி வைத்திருக்கிறார்களோ.

உள்ளேயிருந்து கூப்பிடுகிறாள். "எம்மா, இங்கன வா. வெரல எண்ணச் சொல்லுதாவ, நீ காட்டு, நான் சொல்லுதேன்." போய் இரண்டு விரலைக் காட்டிவிட்டு வந்தேன். "ரெண்டு" என்றாள். ஐந்து மணிக்கு மறுபடியும் காட்ட வேண்டும்.

உங்களுக்கு ஒரு சத்தியம் செய்கிறேன். இனி டின் மீன் விஷயத்தில் உங்கள் பேச்சைக் கேட்க மாட்டேன். வீங்கியதைக் குப்பையில் போடுவேன், நல்லதையும் தளதளவென்று கொதிக்க வைப்பேன், சக்கையானால் ஆகட்டும். அவளிடம் எதையும் ஒரு பொழுதுகூட மறைக்க மாட்டேன். உங்கள் படத்துக்கு முன்னால் இனிமேல் பூ மட்டும்தான்.

உங்களைக் கட்டியவளும்,
நேற்றே சொல்லாமல் போன மெர்சியின் அம்மாவுமான
ஞானம்