வெட்டாத ஜாக்

4 ஜூன் 1994, சனி

விடியக் காலையில் மழை, பிறகு புழுக்கம். இன்று வீட்டில் இருந்தவர்கள்: நான், ராசம்மா அக்கா, அக்காவின் புருஷன் சபாரத்தினம் அத்தான், இரண்டு வீடு தள்ளி இருக்கிற பொன்னம்பலம் மாஸ்டர் (ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு எடுத்தவர். பெயர் நீளம், இனி மா.), என் பேத்தி சுகந்தி, சுகந்தியின் பாஸ் மிஸ்டர் லிம். ஆறு பேர், கதிரை ஐந்து. சுகந்தி தையல் மெஷின் ஸ்டூலில்.

சுகந்தியின் கம்பனி புக்கிட் தெங்காவில். டிவியில் செருகி விளையாடுகிற கேம் பெட்டி செய்கிறார்கள். லிம் சொன்னதை அவள் தமிழில் சொன்னாள். சுடுகிறது, குதிக்கிறது என்று பிள்ளைகளுக்கான விளையாட்டை எல்லாக் கம்பனியும் விற்கிறது. அதில் இவருக்கு இடமில்லை. ஆனால் வீட்டில் டிவி யாருடைய கையில்? வயது போனவர்களுடைய கையில். அதனால் வயது போனவர்கள் விளையாடுகிறதை எல்லாம் மற்றக் கம்பனிக்கு முந்திப் பிடித்து வைக்கிறார். மாஜோங்குக்கு ஒரு சீனச் சங்கத்துக் கிழவர்கள் கையெழுத்துப் போட்டாயிற்று. பாலிக் புலாவில் பலகையில் காய் நகர்த்தி டாம் ஆடுகிற மலாய்க்காரர்களும் போட்டாயிற்று. சிலோன்காரருக்கு முந்நூற்றிநாலு, எங்கள் சீட்டாட்டம். பினாங்கில் பெரிய மேசை எது என்று விசாரித்தால் எல்லாரும் என் பெயரைத்தான் சொன்னார்களாம்.

சொல்லாமல் விடுவார்களா. பதினான்கு வருடம். ஒரு சனிக்கிழமையாவது நான் தோற்று எழும்பினதில்லை.

லிம்முக்கு ஆட்டம் விளங்க வைக்க ஒரு மணி நேரம். நாலு பேர். எதிரெதிரே இருப்பவர்கள் ஒரு சோடி. எனக்கு மா., அக்காவுக்கு அத்தான். ஆளுக்கு எட்டுச் சீட்டு. எத்தனை புள்ளி எடுப்பேன் என்று ஆளுக்காள் கேட்க வேண்டும்; எல்லாரிலும் கூடக் கேட்டவர் துரும்பை, அதாவது மற்ற இனங்களை வெட்டுகிற இனத்தை, மூடி வைப்பார். ஜாக்தான் எல்லாவற்றிலும் பெரியது. போட்ட இனம் கையில் இல்லையென்றால் துரும்பால் வெட்டலாம். கேட்டதை எடுக்காவிட்டால் விழுந்தது. அவ்வளவுதான்.

பேப்பரில் இருக்கிறது: எங்கள் ஆட்டத்தை இவர்களுக்கு மட்டும் கொடுப்போம், வேறு கம்பனிக்கு இல்லை. நாலு பேரும் போட வேண்டும், ஒருவர் குறைந்தாலும் செல்லாது. அடுத்த சனிக்குள். செபராங் ஜெயாவில் இன்னொரு கம்பனியும் தேடுகிறதாம். பெட்டிக்குள் நாலு பேர் எங்களைப் போலவே ஆடுவார்கள். பெட்டிக்கு மேல் என் பெயர், நாகம்மா.

கையெழுத்தானால் பெரியவர்கள் விளையாட்டு முழுவதும் சுகந்தியின் பொறுப்பு. இல்லாவிட்டால் திரும்பவும் லைனில் நின்று பட்டன் அமுங்குகிறதா என்று அமுக்கிப் பார்க்கிற வேலை. கம்ப்யூட்டர் படித்த பிள்ளை.

நாளையிலிருந்து இரண்டு நாள் ஆடுகிறோம். ஒவ்வொரு ஆட்டத்திலும் நாலு பேருடைய சீட்டையும் சுகந்தி எழுதுவாள். யார் எதைப் போட்டார்கள் என்பதையும்.

5 ஜூன், ஞாயிறு

வெயில். உளுந்து வடை நாற்பது. அத்தான் மட்டும் ஒன்பது.

இருபத்தாறு ஆட்டம். நான் கேட்டது பதினைந்து, விழுந்தது ஒன்று. மா. கேட்டது ஆறு, விழுந்தது நாலு. நூற்றெண்பது கேட்கிற கையா அது. ரயிலை எப்படி நேரத்துக்கு விட்டீர்கள் என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டேன். சிரித்தார். எப்போதும் சிரிப்புத்தான்.

அக்கா 1961ல் கொண்டு போன என் இடியப்ப உரல் இன்னும் வரவில்லை. இன்றைக்கும் ஞாபகப்படுத்தினேன்.

6 ஜூன், திங்கள்

முப்பது ஆட்டம். சுகந்தி கொப்பி ஒன்று முடித்து இரண்டாவது. எழுதிக்கொண்டே பென்சிலைக் கடிக்கிறாள். ஒருமுறை அத்தானின் கையை எட்டிப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். என்ன என்றேன். ஒன்றுமில்லை என்றாள்.

பின்னேரம் இடி. ஆஸ்பத்திரியில் வாங்கின குளிசை தீர்ந்தது.

7 ஜூன், செவ்வாய்

காலையில் பாசாருக்கு. பாறை மீன், முருங்கைக்காய், புளி. வந்து மீன் கழுவும்போது சுகந்தி வேலைக்குப் போகாமல் கொப்பியோடு வந்து நின்றாள்.

“அம்மம்மா, ஒரு ரூல் எனக்கு விளங்கேல்ல. துரும்பு ஜாக் கையில இருக்கு, வெட்ட இடமும் இருக்கு. வெட்டாம விடலாமா?”

விடுகிறவன் மடையன் என்றேன்.

“பெரிய தாத்தா ரெண்டு நாளில பதினொரு தரம் விட்டிருக்கிறார்.”

கண் மங்கல், அத்தானுக்கு எழுபத்திநாலு என்றேன்.

அவள் கொப்பியைத் திருப்பினாள். “நீங்க கேட்ட ஆட்டத்தில மட்டும் கண் மங்குமா? மாஸ்டர் தாத்தா கேட்டா ஒண்டு விடாம வெட்டியிருக்கிறார். பெரியம்மம்மாவும் அப்பிடித்தான்.”

மீனை அப்படியே விட்டுவிட்டுக் கொப்பியைப் பார்த்தேன். ஞாயிறு ஒன்பதாவது ஆட்டம். எனக்கு நல்ல ஞாபகம். இருநூறு கேட்டேன், இஸ்பேட் துரும்பு. நான் கிளாவர் ஆஸ் போட்டேன், அத்தானிடம் கிளாவர் இல்லை. இஸ்பேட் ஜாக் அவரிடம். வெட்டியிருந்தால் நான் விழுந்திருப்பேன். அவர் ஆர்ட்டின் ஏழைப் போட்டார். கடைசியில் புள்ளி ஒன்றுமில்லாத இடத்தில் அந்த ஜாக்கைக் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார். நான் அன்றைக்கு அவரைப் பார்த்து, ஜாக்கை அடைகாக்கிறீர்களோ என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள்.

பதினொன்றையும் ஒன்றொன்றாகப் பார்த்தேன். பதினொன்றும் நான் விழ வேண்டிய ஆட்டம்.

மீன் பூனைக்குப் போனது. சமைக்கவில்லை.

8 ஜூன், புதன்

சொல்லாமல் கொள்ளாமல் அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கொப்பியைப் பேப்பருக்கு மேல் வைத்தேன். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அக்கா அடுப்பை நிறுத்திவிட்டு வந்தாள்.

எத்தனை வருடம் என்று மட்டும் கேட்டேன். அத்தான் அக்காவைப் பார்த்தார்.

அக்காதான் சொன்னாள். “எடி நாகு, ஒரு ஆட்டம் தோத்ததுக்கு ஏழு மாசம் நீ என்னோட கதைக்கேல்ல. என்ரை பிள்ளையின்ரை கலியாணத்துக்கு வரேல்ல. மாப்பிள்ளை வீட்டுக்காரர் உன்ரை தங்கச்சி எங்கை எண்டு கேக்க, காய்ச்சல் எண்டு பொய் சொன்னனான். அதுக்குப் பிறகு நாங்கள் என்னத்துக்கு வெல்லவேணும்?”

1980. இருநூற்றைம்பது கேட்டேன். கையில் இஸ்பேட் ஜாக், ஒன்பது, ஆஸ், பத்து. நாலு புள்ளியில் விழுந்தேன். அக்கா கை தட்டினாள். அந்தக் கை தட்டல்தான். தோற்றதற்கு இல்லை, தட்டினதற்குத்தான் போகவில்லை என்று சொன்னேன். கலியாணப் பெண் மேசையில் இருந்து தட்டினாளா என்று கேட்டாள். கொப்பியை மூடினேன்.

மா.வுக்குத் தெரியுமா என்று கேட்டேன். அதை அத்தானே சொன்னார். மா. முதல் மாதமே கண்டுபிடித்துவிட்டாராம். கேற்றடியில் அத்தானை நிறுத்திக் கேட்டாராம். இப்படித்தான் என்று சொன்னபோது, சரி என்றாராம்.

வெயிலில் நடந்தே வந்தேன். பஸ்ஸில் ஏறத் தோன்றவில்லை.

9 ஜூன், வியாழன்

லிம் வந்தார். மேசைக்காரர் எல்லாரும் வர வேண்டும் என்று சுகந்தி கூப்பிட்டிருக்கிறாள். அக்கா, அத்தான், மா., எல்லாரும். ஒருவரும் வடை கேட்கவில்லை. நானும் சுடவில்லை.

கொப்பியில் எழுதின ஆட்டத்தைச் சுகந்தி கம்பனிக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். எதிர்ச் சோடி ஒழுங்காக வெட்டினால் பெட்டிக்குள் இருக்கிற நாகம்மா பத்துக்கு ஏழு தோற்கிறாள். கையில் இருப்பதைவிடக் கூடக் கேட்கிறாளாம். சொல்லும்போது பிள்ளையின் குரல் இறங்கிவிட்டது. பாஸிடம் மறைக்க முடியவில்லை அம்மம்மா என்றாள்.

லிம் கோபிப்பார் என்று நினைத்தேன். மனிதர் எழும்பி நின்றுவிட்டார், அவ்வளவு சந்தோஷம். அவர் சொன்னதைச் சுகந்தி தரையைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொன்னாள். வயது போனவர்கள் பெட்டியிடம் தோற்றால் அடுத்த நாள் தொட மாட்டார்கள். மாஜோங் பெட்டியை அப்படித்தான் கொண்டு வந்து திருப்பிக் கொடுத்தார்கள். பெட்டி தோற்க வேண்டும், ஆனால் விட்டுக்கொடுத்தது தெரியக் கூடாது. அது எப்படி என்று ஒரு வருடமாக இன்ஜினியர்கள் மண்டையை உடைக்கிறார்கள். இந்த அங்கிள் பதினான்கு வருடம் செய்திருக்கிறார், ஆன்ட்டிக்குத் தெரியவில்லை. எனக்கு வேண்டியது அதுதான் லா, என்றார்.

ஆக, என் ஆட்டத்துக்கு அல்ல கையெழுத்து. என்னிடம் தோற்கிற விதத்துக்கு. பெட்டி வாங்குகிற வீட்டிலெல்லாம் அது இருக்கப் போகிறது.

அக்கா பேப்பரைப் பார்த்தாள். அத்தான் போட்டார். என்னைப் பார்க்காமல். அக்கா போட்டாள். மா. போட்டார், பேனா மூடியைப் பத்திரமாகத் திருகினார். பேப்பர் என் பக்கம் வந்தது. தலை வலிக்கிறது என்று உள்ளே போய்விட்டேன். சனிக்கிழமை கடைசி நாள் என்று லிம் சொல்வது கேட்டது.

10 ஜூன், வெள்ளி

கோயிலுக்குப் போகவில்லை. போனால் அக்கா இருப்பாள்.

பத்து மணிக்கு செபராங் ஜெயா கம்பனியின் ஆள் வந்தான். டை கட்டின பையன், பிஸ்கட் டின், ஜாதிக்காய் ஜூஸ் இரண்டு போத்தல். அங்கே இன்னும் போடவில்லையே ஆன்ட்டி என்று கேட்டான். யார் சொன்னது என்று கேட்டேன், சிரித்தான். நான் இல்லாமல் அந்தப் பேப்பர் செல்லாது. இவனிடம் நான் ஒரு சொல் சொன்னால் எல்லாம் முடிந்தது. அக்கா அத்தானுக்கு முகத்தில் அடித்த மாதிரி. ஆசையாகத்தான் இருந்தது, ஏன் பொய் எழுத வேண்டும். கால் மணி நேரம் அவனை இருக்க வைத்து யோசித்தேன்.

சுகந்தியின் வேலை உடுப்பு கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. லைனில் போடுகிற நீலச் சட்டை. ஆறு மாதமாக அதைப் போடவில்லை. நேற்று அவளே எடுத்துத் தோய்த்திருக்கிறாள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

டின்னோடு அவனை அனுப்பினேன். ஜூஸையும் கொடுத்துவிட்டேன்.

மத்தியானம் மா. கேற்றைத் தட்டினார். திறக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். குடை பிடித்திருந்தார், மழை இல்லை.

11 ஜூன், சனி

மேகம் மூடின நாள். ஒரு துளி விழவில்லை.

எல்லாரையும் மூன்று மணிக்கு வரச் சொன்னேன். லிம்மையும். வந்தவுடன் சீட்டைக் கலைத்தேன்.

“இண்டைக்கு ஒருத்தரும் விடக் கூடாது. சுகந்தி எழுதுவாள். விட்டது தெரிஞ்சால் பேப்பரைக் கிழிப்பன்.”

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அத்தான் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

முதல் ஆட்டம் மா. கேட்டார், எடுத்தார். இரண்டாவது நான், நூற்றெழுபது, விழுந்தேன். மூன்றாவது நான், இருநூறு. நல்ல கை. ஆர்ட்டின் துரும்பு. டைமன் பத்துப் போட்டேன். அத்தான் யோசித்தார். நெற்றி வேர்த்திருந்தது. அக்காவைப் பார்த்தார், சுகந்தியின் பென்சிலைப் பார்த்தார். பிறகு ஆர்ட்டின் ஜாக்கை வைத்தார். அடிக்கவில்லை, மெதுவாகத்தான் வைத்தார். நான் எடுக்க வேண்டிய பிடியில் அவருடைய ஜாக். பதினான்கு வருடத்தில் முதல் தரம்.

சீட்டை மேசையில் எறிய வேண்டும் போல. அக்கா எழும்பப் பார்த்தாள், கோப்பி போடுகிறேன் என்று. இரு என்றேன்.

நாலு தரம் விழுந்தேன். ஒவ்வொரு தரமும் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பாம்பைப் பார்க்கிற மாதிரி. அவர்கள் அப்படித்தான் எல்லாச் சனிக்கிழமையும் என் வீட்டில் இருந்திருக்கிறார்கள், எனக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது.

ஏழாவது ஆட்டம். நூற்றெழுபதுதான் கேட்டேன். கூடக் கேட்க நாக்கு வந்தது, அடக்கினேன். அத்தான் ஒரு தரம் வெட்டினார், அக்கா ஒரு தரம். இருந்தும் எடுத்தேன். நூற்றெழுபத்திமூன்று. சுகந்தி நாலு கையையும் மேலிருந்து கீழே பார்த்தாள். இரண்டு தரம் பார்த்தாள்.

“இதில ஒருத்தரும் விடேல்ல, அம்மம்மா.”

பேப்பரைக் கொண்டு வா என்றேன். அடியில் ஒன்று எழுதச் சொன்னேன்: ஆட்டம் தொடங்குமுன் பெட்டி கேட்க வேண்டும், விட்டுக்கொடுக்கவா, உண்மையாக ஆடவா என்று. லிம் சிரித்தார். ஒருவரும் இரண்டாவதை அமுக்க மாட்டார்கள் ஆன்ட்டி என்றார். நான் அமுக்குவேன் என்றேன். எழுதினார். கையெழுத்துப் போட்டேன். முழுப் பெயரும். சுகந்தி பேப்பரை உறைக்குள் வைத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

எல்லாரும் எழும்பினபோது மா. மட்டும் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். வழக்கமான சிரிப்போடு கேட்டார்: “நாகம்மாக்கா, இண்டைக்கும் பிழை என்ரை பக்கம்தானோ?”

உள்ளே வந்து எழுதுகிறேன். வெளியே கேற் சத்தம் கேட்கிறது, போகிறார்கள்.

அக்கா கை தட்டினதை விட்டுவிட்டேன். கலியாணத்துக்குப் போகாதது என் பிழை, நாளைக்குப் போய்ச் சொல்லலாம். உரல் வேறு கணக்கு. அத்தானிலும் கோபம் இல்லை. பிடிபடாமல் தோற்கிறது லேசில்லை, ஒவ்வொரு சனியும் அவர் வேலை செய்திருக்கிறார். சுகந்தி தன் வேலையைச் செய்தாள். லிம் வியாபாரி.

ஆனால் எனக்கு எதிரே இருந்த மனிதர். என் சோடி. அவர் கேட்டால் அவர்கள் வெட்டுவார்கள், அவர் விழுவார், நான் திட்டுவேன். மண்டையில் ஒன்றுமில்லை என்று, ரயிலை எப்படி விட்டீர்கள் என்று, பிள்ளைகளுக்கு முன்னால், விருந்தாளிகளுக்கு முன்னால். அவருக்கு எல்லாம் தெரியும். ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் வாயை மூடியிருப்பேன். சொல்லவில்லை. கேட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டு, அடுத்த சனி நேரத்துக்கு வந்தார். பதினான்கு வருடம் என்னை அப்படிப்பட்ட ஒரு மனுஷியாக இருக்க விட்டார்.

மற்ற எல்லாரையும் மன்னிக்கலாம். பொன்னம்பலத்தை மாட்டேன்.