செங்கல் ஆபீசர்

1967 ஜூன் 2, வெள்ளி

ருக்கு அக்காவுக்கு மெட்ராஸில் டீச்சர் டிரெயினிங் சீட் கிடைத்தாயிற்று. பதினைந்தாம் தேதிக்குள் சேர வேண்டும். தீவிலிருந்து போகும் இந்தக் கப்பலை விட்டால் அடுத்தது மாதக் கடைசியில்தான். அம்மா அழுகிறாள். நான் அக்காவின் பாயை இப்போதே கேட்டு வைத்துவிட்டேன்.

ஜூன் 4, ஞாயிறு

நாளை கப்பலுக்குப் பங்க் டிக்கெட், அடித்தட்டில் படுக்கை இடம், கொடுக்கிறார்கள். எங்கள் ஷாதிபூர் வீட்டிலிருந்து அக்காவின் செருப்பைத் தூக்கிக்கொண்டு டிக்கெட் ஆபீஸுக்குப் போனேன். இங்கே வழக்கம் அதுதான். ஆள் நிற்க வேண்டாம், செருப்போ பையோ வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சமைக்கலாம்.

எனக்குக் கை சும்மா இருக்குமா? செருப்புக்கு முன்னால் ஒரு செங்கல்லையும் வைத்தேன். முன் இடத்துக்காரி பக்கத்து வீட்டு சந்திரமதி சித்தி, "யாரோடதுடி அது?" என்றாள்.

"பெரிய ஆபீசரோடது."

சித்தி தன் பையை மரியாதையாகத் தள்ளி வைத்தாள்!

ஜூன் 5, திங்கள்

போச்சு. பியூன் பிரம்பால் தட்டித் தட்டி எண்ணினார். செருப்பு ஒன்று, பை ஒன்று, செங்கல்லும் ஒன்று. "பஸ், தீஸ் ஹோ கயா!" போதும், முப்பது ஆயிற்றாம். மொத்தமே முப்பது டிக்கெட்தான். முப்பதாவது - செங்கல். அக்கா முப்பத்தொன்று.

"அங்க ஆளே இல்லையே, எனக்குக் கொடுங்க" என்றாள் அக்கா.

"அது பெரிய சாப் இடம்" என்றார் பியூன். எல்லாம் சித்தி சொல்லி வைத்தது.

செருப்பும் ஆளும் ஒன்று. செங்கல்லும் செருப்பும் ஒன்று. அப்போ செங்கல்லும் ஆளும்? எண்ணும்போது ஆள்தான். கப்பலில்தான் ஏறாது.

அக்கா கவுண்டர் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"சாப் யாரும் இல்ல. நான்தான் வெச்சேன்."

வரிசையே திரும்பியது. "நீதான் ஆபீசரா? வாங்க சாப், உட்காருங்க சாப்!" சித்தி நச்சென்று ஒரு குட்டு வைத்தாள். பியூன் செங்கல்லைக் காலால் ஒதுக்கிவிட்டு அக்கா செருப்பைத் தட்டினார். "தீஸ்."

டிக்கெட் கிடைத்தது. அக்கா என்னிடம் பேசவில்லை.

ஜூன் 6

இன்னும் பேசவில்லை.

ஜூன் 9, வெள்ளி

கப்பல் போயிற்று. மேலே நின்று கை ஆட்டினாள். எனக்கா, அம்மாவுக்கா? தெரியவில்லை. நானும் ஆட்டினேன்.

ஜூன் 17, சனி

மண்ணெண்ணெய் வந்திருக்கிறது. எல்லோரும் டின்னை வரிசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். நானும் வைத்துவிட்டு நகர்ந்தேன். "மரகதம் டின்னா? அது ஆள் கணக்குல வராது" என்று என் டின்னை வெளியே எடுத்து வைத்தாள் சித்தி.

மத்தியானம் வரை வெயிலில் நானே நின்றேன். முன்னால் ஒன்பது டின், பின்னால் ஏழு டின். நடுவில் நான்.