நாலாவது கட்டம்

என் அன்புச் சபா அண்ணைக்கு,

இன்றைக்கு உங்கள் முப்பத்தோராம் நாள். இந்த ஜெர்மன் ஊரில் ஐயரும் இல்லை, கோயிலும் இல்லை. அகதி விடுதிக் குசினியின் நீள மேசையில் உங்கள் அடையாள அட்டைப் படத்தை நிறுத்தி வைத்து, துருக்கிக் கடையில் வாங்கிய கத்தரிக்காயில் குழம்பு வைத்து, சோறோடு படைத்தேன். மாதாவைக் கும்பிடுகிற வேதக்காரி வைத்த படையல் என்று சிரிக்காதீர்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

முப்பது பேர் இருக்கிற விடுதியில் ஆறு பேர்தான் சாப்பிட வந்தார்கள். மற்றவர்கள் கதவடியில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். யார் வந்தது, யார் வராதது என்று யாரோ குறித்துக்கொள்கிறார்கள் என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை, அண்ணை. நானும் மூன்று மாதமாக அதே பயத்தில்தானே வாயை மூடிக்கொண்டிருந்தேன்?

இந்தக் கடிதத்தை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். ஆனால் எழுதி முடித்ததும் மடித்து வைக்கப் போவதில்லை. குசினிச் சுவரில், உங்கள் தாள் ஒட்டியிருந்த இடத்தில் ஒட்டப் போகிறேன். வாசிக்கிறவர்கள் வாசிக்கட்டும்.

உங்கள் ரேடியோ இப்போது என்னிடம் இருக்கிறது. யன்னலில் நீங்கள் கட்டிய செப்புக்கம்பி அப்படியே கிடக்கிறது. பின்னேரம் ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் லண்டன் வானொலி வரும், இரைச்சலோடு. கேட்கிறேன். எழுதுவதில்லை.

உங்களைத் தெரியாதவர்களும் இதை வாசிப்பார்கள், அதனால் தெரிந்த கதையைத் திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சபா அண்ணை ஊரில் தபால் கந்தோரில் தந்தி அடித்தவர். அனுப்புகிறவரின் பெயர் இல்லாத தந்தியை அவர் வாழ்நாளில் அடித்ததில்லை. இங்கே வந்த பிறகு, ஆளுக்கொரு ரேடியோவைக் கேட்டுவிட்டுக் குசினியில் ஆளையாள் குதறுவதைப் பார்த்து, ஒரு வேலை செய்தார். ஒரு தாளில் அடிமட்டம் வைத்துக் கோடு கீறி நாலு கட்டம் போட்டார். முதல் கட்டம் ‘லண்டன் சொல்வது’. இரண்டாவது ‘இந்தியா சொல்வது’. மூன்றாவது ‘கொழும்பு சொல்வது’. நாலாவது ‘எங்களுக்குத் தெரிந்தது’. அடியில் ‘தொகுப்பு: சபாநாதன்’ என்று ஒரு வரி.

அந்த வெறுந் தாளைப் பங்குக் கோயில் கந்தோர் மெஷினில் கட்டாகப் பிரதி எடுத்து வைத்திருந்தோம். வாரத்துக்கு ஒரு தாளை நிரப்புவது வழக்கம். உங்கள் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும், அதனால் நீங்கள் சொல்லச் சொல்ல எழுதுவது நான். பிறகு பாதிரியார் அனுமதித்த இருபது பிரதி. ஒன்று சுவருக்கு, மற்றவை தபாலில் வேறு விடுதிகளுக்கு.

நாலாவது கட்டம் அநேகமாக வெறுமையாகத்தான் போகும். “உதென்ன அண்ணை, ஒண்டும் தெரியாது எண்டு சொல்லவோ ஒரு கட்டம்? இடம் வீணாப் போகுது” என்று நான் ஒவ்வொரு கிழமையும் சண்டை பிடிப்பேன். “கிடக்கட்டும் பிள்ளை. தெரியாது எண்டு சொல்லவும் ஒரு இடம் வேணும்” என்பீர்கள். எனக்குக் கோபம்தான் வரும். ஒரு சமையல் குறிப்பாவது போடலாமே என்று நினைப்பேன்.

பிறகு அந்த மார்கழி வந்தது. எண்பத்தெட்டு, இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல்.

தேர்தல் அங்கே நடந்தது, அடிபிடி இங்கே நடந்தது. வோட்டுப் போட்டால்தான் சண்டை ஓயும் என்றார் என் மனுசன் அன்ரன். வோட்டுப் போடுகிறவன் செத்தவர்களை விற்கிறவன் என்றார், தேர்தலைப் புறக்கணிக்கச் சொன்னவர்களின் பக்கம் நின்ற எதிர் அறை யோகன். இரண்டு பேரும் ஒரே பானையில் சாப்பிட்டு வந்தவர்கள், அந்தக் கிழமை சோற்றுப் பானையும் இரண்டானது. அவரவருக்குப் பிடித்த ரேடியோ சொன்னது உண்மை, மற்றது பொய். விடுதிப் பொறுப்பாளர் ஊர்ப் பேப்பரிலிருந்து நாலு வரியை வெட்டிக்கொண்டு வந்து காட்டினார். தேர்தல் நடந்துவிட்டது, அமைதி திரும்புகிறது, இனி நீங்கள் வீட்டுக்குப் போகலாம்தானே என்று நல்ல மனத்தோடுதான் கேட்டார். நீங்கள் உங்களுக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் “வேர் ஸாக்ட்?” என்றீர்கள். யார் சொல்வது? அவர் பேப்பரைத் தொட்டுக் காட்டினார். பேப்பர் சொல்கிறது. நீங்கள் அதைத் திருப்பிக் கொடுத்தீர்கள்.

அந்தக் கிழமை உங்களுக்குக் காய்ச்சல். கட்டிலில் படுத்துக்கொண்டே சொன்னீர்கள், நான் எழுதினேன். யேசு பிறந்த நத்தார்ப் பூசை நேரத்தையும் தாளில் போட வேண்டும் என்று எனக்கு ஆசை. மூன்றாவது கட்டத்தின் மேல் பாதியில் அதைப் பெரிய எழுத்தில், ஒரு நட்சத்திரமும் கீறிப் போட்டேன். பிறகு கொழும்பு சொன்னதற்கு இடம் காணவில்லை. கடைசி வசனம் மிஞ்சியது. ‘வடக்கிலும் மக்கள் ஆர்வத்துடன் வாக்களித்தனர், நிலைமை அமைதி.’ நாலாவது கட்டம் வழக்கம்போல் வெறுமையாக இருந்தது. அதிலே எழுதிவிட்டேன்.

வழக்கமாக நீங்கள் ஒருமுறை வாசித்துப் பார்த்த பிறகுதான் தாள் மெஷினுக்குப் போகும். அன்றைக்கு நீங்கள் நித்திரை. எழுப்ப மனமில்லாமல், எல்லாம் சரிதானே என்று கொண்டுபோனேன். இருபது பிரதி. பத்தொன்பதைத் தபாலில் போட்டுவிட்டு வந்தேன்.

‘எங்களுக்குத் தெரிந்தது: வடக்கிலும் மக்கள் ஆர்வத்துடன் வாக்களித்தனர், நிலைமை அமைதி. தொகுப்பு: சபாநாதன்.’

யோகன்தான் முதலில் கண்டார். கத்துவார் என்று பார்த்தேன், கத்தவில்லை. இரண்டு தரம் வாசித்துவிட்டு, “உங்களுக்குத் தெரியுமோ அண்ணை? நீங்கள் போய்ப் பாத்தனீங்களோ?” என்று மெதுவாகக் கேட்டார். நீங்கள் போர்வையோடு வந்து சுவரைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். ஒரு நிமிடம் இருக்காது. எல்லாம் விளங்கிவிட்டது உங்களுக்கு.

“என்ரை பிழை. இடம் மாறிப் போச்சு” என்றீர்கள்.

ஏன் அண்ணை அப்படிச் சொன்னீர்கள்? நான் அங்கேயேதான் நின்றேன். கையில் கரண்டியோடு நின்றேன். பிறகு தனியாக வந்து அழுதபோது, “விடு பிள்ளை. உனக்கு ஊரிலை அப்பா தனிய இருக்கிறார். அடுத்த தாளிலை திருத்தம் போடுவம்” என்றீர்கள். உங்களுக்கு ஊரில் அம்மாவும் தம்பியும் இருக்கிறார்களே என்று நான் அப்போது கேட்டேனா? கேட்கவில்லை. தப்பினேன் என்று மனத்துக்குள் மூச்சு விட்டேன். அந்த மூச்சை நினைத்தால் இன்றைக்கும் என் மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அடுத்த தாளில் திருத்தம் போட்டோம். போட்டு ஒரு மணித்தியாலத்தில் கிழித்துவிட்டார்கள். மற்ற விடுதிகளிலும் யாரும் அதை ஒட்டவில்லை. உங்கள் கதவில் ‘துரோகி’ என்று எழுதியிருந்தது. அன்ரனின் ஆட்கள் உங்களைக் கட்டிப்பிடித்து, நல்லாச் சொன்னீர்கள் அண்ணை என்றார்கள். அதுதான் உங்களுக்குக் கூடுதலாக வலித்தது என்று எனக்குத் தெரியும்.

இனிச் சொல்லப் போவது நீங்களும் அறியாதது.

நத்தார் முடிந்து வருசம் பிறக்கும் முன், நீங்கள் வெளிநாட்டவர் கந்தோரில் குறித்துக் கொடுத்த ரேர்மின் நேரத்துக்குப் போயிருந்த நாள், இரண்டு பேர் வந்தார்கள். வேறு நகரத்திலிருந்து ரயிலில் வந்ததாகச் சொன்னார்கள். நல்ல மரியாதை. சப்பாத்தை வாசலில் கழற்றி வைத்தார்கள், ஒரு கேக் பெட்டியும் கொண்டு வந்தார்கள். தேத்தண்ணி கொடுத்தேன். சீனி காணுமோ, இன்னும் போடவோ என்றும் கேட்டேன்.

“சபா அண்ணை ஊரிலை எவடம், அக்கா? நாங்களும் அந்தப் பக்கம்தான். தெரிஞ்ச ஆக்களோ எண்டு பாக்கத்தான்.”

நம்முடைய சனம் ஆளையாள் கண்டால் முதலில் கேட்கிற கேள்வி அதுதானே, அண்ணை? எத்தனை பேர் கேட்டிருப்பார்கள், எத்தனை பேருக்கு நானே சொல்லியிருப்பேன்? வடமராட்சி என்றேன். சந்தியில் இறங்கி வாசிகசாலைக்குப் பக்கத்து ஒழுங்கை என்றேன். தம்பி ரவி சைக்கிள் கடை வைத்திருக்கிறான், யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள் என்றேன். கேட்காததையும் சொன்னேன். ஒருவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார், மற்றவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணி ஆறும் முன் எழும்பிப் போய்விட்டார்கள்.

தை கடைசியில் உங்கள் அம்மாவின் கடிதம் வந்தது. நீங்கள் வாசித்துவிட்டு மேசையில் வைத்தீர்கள், நான் எடுத்து வாசித்தேன். ‘தம்பியை விசாரிக்க வேணும் எண்டு கூட்டிக்கொண்டு போட்டினம். கையிலை ஒரு கடதாசி வைச்சிருந்தினம், அதிலை உன்ரை பேர் இருந்தது. நீ என்ன எழுதினனி ராசா?’ வந்தவர்கள் யார் என்று அம்மா எழுதவில்லை. எழுதப் பயந்திருப்பா.

பிறகு உங்களுக்குப் பதினாறு நாள். கடிதம் எழுதினீர்கள், ஊருக்குப் போன் எடுத்துப் பார்த்தீர்கள், லைன் கிடைக்கவில்லை. ஒரு மத்தியானம் பிராங்பேர்ட்டுக்குப் போகிற ரயிலுக்கு நின்றபோது பிளாட்பாரத்தில் விழுந்தீர்கள். கோட்டுப் பையில் ரேடியோவுக்கு வாங்கிய புது பற்றரி நாலு இருந்தது. டொக்டர் இருதயம் என்று எழுதினார், கீழே தன் பெயரையும் போட்டுக் கையெழுத்து வைத்தார். யார் சொல்வது என்பது அந்தத் தாளில் ஒழுங்காக இருந்தது.

நான்தான் கொன்றேன் என்று சொன்னால் நீங்கள் ஏசுவீர்கள். ஆனால் அந்தப் பதினாறு நாளில் ஒரு நாளாவது நான் வாயைத் திறந்திருக்கலாம்.

யோகனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் பெட்டியை முன்னால் நின்று தூக்கியது அவர்தான். மயானத்தில் பனிக்குள் நின்று குழந்தை மாதிரி அழுதார். ஆனால் போன வியாழன் என் கதவடிக்கு வந்தார். “அக்கா, அந்தப் பேப்பர்க் கதையைத் திருப்பி எடுக்காதேங்கோ. நான் உங்கடை நன்மைக்குச் சொல்லுறன். கேக்கிற ஆக்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கினம்.” அவர் முகத்தைப் பார்த்தேன். மிரட்டவில்லை, அவரும் பயந்துபோய்த்தான் நின்றார். தாங்கள் பிடித்துக்கொண்டு நின்ற பக்கமே தங்களையும் வேவு பார்க்கத் தொடங்கிவிட்டது என்று அவருக்கும் விளங்கியிருக்கிறது போலும்.

சுவரில் இப்போது வேறு தாள். அதில் கட்டம் இல்லை. யார் சொல்வது என்றும் இல்லை. ஒரே ஒரு செய்தி, பெரிய எழுத்தில். யாரும் அதைப் பற்றிச் சண்டை பிடிப்பதில்லை. குசினி அவ்வளவு அமைதியாக இருக்கிறது, அண்ணை, கரண்டி விழுந்தால் எல்லோரும் திடுக்கிடுகிறோம்.

ரவி இன்னும் வீடு வரவில்லை. உயிரோடு இருக்கிறான் என்று யாரோ உங்கள் அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறார்கள். தமையன் எழுதினதுக்குத் தம்பி பதில் சொல்ல வேண்டுமாம். தமையன் எழுதவில்லை என்று தெரிந்தால் விடுவார்களா? எனக்குத் தெரியாது. ஆனால் அதைச் சொல்லக்கூடிய ஆள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான் மிச்சம்.

முதலில் அப்பாவுக்குத்தான் எழுதினேன். நடந்ததை எல்லாம் எழுதி, நான் பெயர் சொன்னால் உங்களிடம் வருவார்கள், மன்னாரில் சித்தி வீட்டுக்குப் போய்விடுங்கோ என்று கெஞ்சினேன். நேற்றுப் பதில் வந்தது. ‘நான் ஒரு இடமும் போகேல்லை. அந்தத் தாய் படலையைப் பாத்துக்கொண்டு இருக்கிறா. எழுது.’ அவ்வளவுதான். சுகமா என்றுகூடக் கேட்கவில்லை. வாசித்துவிட்டு அன்ரன் எழும்பி வெளியே போனார். திரும்பி வந்து, தாள் இருக்கிறதா என்று கேட்டார்.

இருக்கிறது, அண்ணை. உங்கள் கட்டம் போட்ட தாள் இன்னும் ஒரு கட்டு இருக்கிறது. இந்தக் கடிதத்தோடு அதில் ஒன்றையும் ஒட்டுகிறேன். லண்டன், இந்தியா, கொழும்பு மூன்று கட்டமும் வெறுமை. நாலாவதில் மட்டும் எழுதியிருக்கிறேன். ‘எங்களுக்குத் தெரிந்தது: மார்கழித் தாளில் இந்தக் கட்டத்தில் இருந்த வசனம் கொழும்பு வானொலி சொன்னது. இடம் மாற்றி எழுதியது சபாநாதன் அல்ல, நான். தபாலில் போகும் முன் அவர் அதைப் பார்க்கவே இல்லை.’ அடியில் என் பெயர். இருபது பிரதி எடுத்தாயிற்று. இரண்டு உங்கள் அம்மாவுக்குப் போகிறது. ரவியைப் பிடித்து வைத்திருக்கிறவர்கள் பழைய தாளையும் இதையும் பக்கத்தில் வைத்துக் கையெழுத்தைப் பார்க்கட்டும்.

வருகிற ஞாயிறு அந்த இரண்டு பேரும் வருகிறார்களாம். யோகன்தான் சொன்னார். தேத்தண்ணி வைப்பேன். ரவி படலையைத் திறந்துகொண்டு வீட்டுக்குள் போகும்வரை கிழமைக்கு ஒரு தாள் இந்தச் சுவரில் இருக்கும். கிழித்தால் மறுபடி எழுதுவேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு. அடியில் உங்கள் பெயரை இனிப் போட மாட்டேன்.

சொல்வது,
உங்கள் தங்கச்சி
பிலோமினா

ஊரில் எவடம் என்று கேட்கப் போகிறவர்களுக்கு: குருநகர், மாதா கோயிலுக்குப் பின் ஒழுங்கை, நீலக் கேற் வீடு. அப்பா வீட்டில்தான் இருக்கிறார்.