அண்ணன் படித்துக் காட்டிய ரங்கூன் கடிதங்கள்

தேவனேரி குப்பம்,
மகாபலிபுரம்.
10-6-1979

அன்புள்ள அண்ணாவுக்கு,

கன்னியம்மா எழுதிக்கொண்டது. நீ, மூர்த்தி, பேரப்பிள்ளைகள் எல்லோரும் சுகமா? இது என் சொந்தக் கையெழுத்து. முதியோர் பள்ளியில் அம்சா டீச்சர் கற்றுக் கொடுத்தது. மூன்று நாளாக எழுதுகிறேன், சிரிக்காதே.

என் வீட்டுக்காரர் ரங்கூனிலிருந்து போட்ட பதினோரு கடிதமும் தகரப் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. அந்தக் காலத்துப் பர்மாக் கடிதங்களைச் சேகரிக்கிறவர்கள் மதராசிலிருந்து வருகிறார்களாம். அதெல்லாம் சரித்திரமாம். கொடுப்பதற்குள் நானே ஒரு தடவை படித்துவிட வேண்டும். ‘வரவேண்டாம்’ என்று அவர் எழுதியதை வேறு யாரும் பார்த்துவிடுவார்களோ என்று கூச்சப்பட்டுத்தான் இத்தனை வருஷம் வெளியே எடுக்கவில்லை. நீ படித்துக் காட்டியதோடு சரி.

ஒரு வரி எழுதக்கூட உனக்கு நேரமில்லையா? உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை
கன்னியம்மா

செங்கல்பட்டு,
18-6-1979

அன்புத் தங்கை கன்னியம்மாவுக்கு அண்ணன் ஆசீர்வாதம்.

கரையான் அரித்துவிடும், கடிதங்களை எனக்கு அனுப்பிவை என்று நேற்று ஒரு கார்டு எழுதினேன். கிழித்துப் போட்டுவிட்டேன். அறுபத்தெட்டு வயதில் இன்னொரு பொய் வேண்டாம்.

மாப்பிள்ளை வரவேண்டாம் என்று எழுதவே இல்லை. உன்னைக் கப்பலேற்றிவிடச் சொல்லி நாலு கடிதத்தில் கெஞ்சியிருந்தார். அப்போதுதான் என் பெண்டாட்டி ஆதியம்மாள் செத்திருந்தாள். மூர்த்திக்கு மூன்று வயது, வச்சலா கைக்குழந்தை. நீ போய்விட்டால் அவர்களுக்கு யார்? அதனால் மாற்றிப் படித்தேன். ‘என்னைக் கூட்டிக்கொள்ளுங்கள்’ என்று நீ சொல்லச் சொல்ல, ‘வர இஷ்டமில்லை’ என்று எழுதியதும் நான்தான். அடுத்த வருஷம் உன்னை அனுப்பிவிடலாம் என்று இருந்தேன். அதற்குள் ரங்கூனில் குண்டு விழுந்தது, அவரிடமிருந்து சேதியே இல்லை. போயிருந்தால் நீயும் செத்திருப்பாய் என்று என்னைத் தேற்றிக்கொண்டதுண்டு. அதுவும் திருட்டுச் சமாதானம்.

“அவருக்கு நான் வோணாமா அண்ணாத்த?” என்று கேட்டாயே. அன்று தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கமாக இருக்கிறது அம்மா. மன்னித்துவிடு.

தணிகைவேல்

தேவனேரி குப்பம்,
1-7-1979

அண்ணாவுக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே படித்துவிட்டேன். எழுத்துக்கூட்டிப் பார்த்தால் புறப்பட்டு வா என்றுதான் இருந்தது. அண்ணன் தப்பாகப் படித்திருக்குமா, எனக்குத்தான் இன்னும் படிக்க வரவில்லை என்று டீச்சரிடம் கொண்டு போனேன். “நீ படிச்சதுதான் சரி ஆயா” என்றாள்.

மூர்த்தியையும் வச்சலாவையும் வளர்த்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர்களிடம் இதைச் சொல்லவும் மாட்டேன். ஆனால் முப்பத்தெட்டு வருஷமாக அவரை மனசுக்குள் ஏசிக்கொண்டே இருந்தேன். யாராவது அவர் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவேன். ஒரு ஆடி அமாவாசைக்குக்கூட அவருக்கு இலை போட்டுப் படைத்ததில்லை. இந்த வருஷம்தான் படைக்கப் போகிறேன். எனக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

நீ என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாய். நான் முதலில் அவரிடம் கேட்க வேண்டும். அதுவரை எனக்கு எழுதாதே.

கன்னியம்மா